பல்பு வாங்கப் போனவன்

கல்யாணமாகி எட்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டைல்ஸ்காரர் வீட்டு அடுக்களைக்குப் பின்னால் ஓர் அறை கூடுதலாக இருந்தது. முந்தின நாள் வரை அங்கே ஒரு சுவரும், துடைப்பம் மாட்ட ஓர் ஆணியும்தான் உண்டு. இப்போது பச்சை பெயின்ட் அடித்த ஒரு கதவு இருந்தது. துடைப்பம் அதன் தாழ்ப்பாளில் தொங்கியது. வீடு மூன்றாம் மாடியில். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் காற்றும், கொஞ்சம் தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும்தான். கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனால் அறை இருந்தது. ஓர் இரும்புக் கட்டில், ஒரு ஸ்டவ், கொடியில் ஈரம் காயாத ஒரு துண்டு, ஆணியில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, கூரையிலிருந்து ஒயரில் தொங்கும் ஃபியூஸ் போன பல்பு. எதிர்ச்சுவரில் இன்னொரு கதவு, அது பூட்டியிருந்தது. "எனக்கு என்ன தெரியும்?" என்றாள் டைல்ஸ்காரரின் மனைவி, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே.

அவளை எல்லோரும் செக்கரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிற வேலை. தைத்து முடித்த சட்டைகள் அவள் முன்னால் வந்து குவியும். காலரைப் புரட்டி, கையைப் புரட்டி, தையலை விரலால் தடவி, எங்கே தவறு இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவாள். தையல்காரர்கள் அந்த அம்பைப் பார்த்துப் பிரித்துத் தைத்துத் தந்தால்தான் ஸ்டிக்கரை உரித்து பாஸ் போடுவாள். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் சரி, லாரி வாசலில் வந்து நின்றாலும் சரி, தவறோடு ஒரு சட்டையை அவள் விட்டதில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அவளுக்கு டேபிள் பழக்கம் வீடு மட்டும். ஒழுகுகிற குழாய்க்கு ஓர் அம்பு, விளிம்பு உடைந்த டம்ளருக்கு ஓர் அம்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குறட்டை விட்டுத் தூங்கிய டைல்ஸ்காரரின் மூக்குக்கும் ஓர் அம்பு. எழுந்து கண்ணாடியில் பார்த்தவர் அதைச் சாயங்காலம் வரை உரிக்கவில்லை. நாற்பத்தேழு வயது வரை தனிக்கட்டையாக ஊரார் தரைகளில் மண்டியிட்டே காலத்தைத் தள்ளியவர் அவர். தன்னை இவ்வளவு உற்றுப் பார்க்க உலகத்தில் ஓர் ஆள் இருப்பது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

புதிதாக ஓர் இடத்துக்குள் நுழைந்தால் மற்றவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், டைல்ஸ்காரர் தரையைப் பார்ப்பார். அன்றும் அதைத்தான் செய்தார். பழைய காலத்துப் பூப்போட்ட சிமெண்டுக் கற்கள். நான்கு கற்கள் கூடினால் ஒரு பூ. சுவரோரத்திலிருந்து பூ பூவாகக் கண்ணால் எண்ணிக்கொண்டே வந்தவர், கட்டில் கால் அருகே நின்றுவிட்டார். அங்கே ஒரு கல் திரும்பியிருந்தது. அதன் இதழ் பூவுக்குள் சேராமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் குந்தி உட்கார்ந்தார். அந்தக் கல்லை அவருக்குத் தெரியும். மேஸ்திரி துணை இல்லாமல் அவர் தனியாகப் போட்ட முதல் தரை அது. கல் திரும்பியிருந்ததைக் கவனித்தபோது சிமெண்டு இறுகிவிட்டிருந்தது. அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு, மேஸ்திரி பார்த்துவிட்டுப் போகிறவரை அந்தச் சாக்கின்மேலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தரை போட்டார், ஒரு கல்லும் திரும்பியதில்லை. அந்த ஒன்று மட்டும் பல்லிடுக்கில் சிக்கிய நார் போல மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது அந்தக் கல்லின்மேல், ரோஸ் நிறமாக வெளுத்துப்போய், ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தரைக்கு அம்பு ஒட்டுகிற பெண்பிள்ளை உலகத்தில் ஒருத்திதான் இருக்க முடியும். அவளைத்தான் அவர் கட்டியிருந்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். வெளியே வந்து, "டீ இருக்கா?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். செக்கரம்மாவுக்கு இருபத்திரண்டு வயதில் கம்பெனியின் கட்டிங் பிரிவில் ஒரு பையன் இருந்தான். வீட்டில் அக்காவுக்கே கல்யாணம் ஆகவில்லை. அப்பாவோ, கேட்டால் முதலில் கையை நீட்டிவிட்டுப் பிறகு கேள்வி கேட்கிற மனிதர். அதனால் ஒரு சாப்பாட்டு இடைவேளையில், கூட வேலை செய்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடிந்தது. மதியம் எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டில் கம்பெனி ஹாஸ்டல் என்று சொல்லிவிட்டு, ஒரு மழைக்காலம் பூராவும் அவனோடு அந்தப் பச்சைக் கதவு அறையில் குடியிருந்தாள். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் பல்பு ஃபியூஸ் போனது. "பல்பு வாங்கிட்டு வந்துடறேன், நீ உக்காரு" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் இல்லை, ஸ்டேஷனில் இல்லை, கம்பெனிக்கும் வரவில்லை. புருஷன் என்று ஒருவன் இருந்ததே யாருக்கும் தெரியாதபோது, அவனைக் காணோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டினது போல வாயைப் பொத்திக்கொண்டு, ஹாஸ்டலை மூடிவிட்டார்கள் என்று ஒரு பையோடு வீட்டுக்குத் திரும்பினாள். பிறகு அக்கா கல்யாணம், அப்பாவின் படுக்கை, வந்த வரன்களுக்கெல்லாம் ஏதோ ஒரு சாக்கு. சாலையை அகலப்படுத்த அந்தக் கட்டடத்தை இடித்தபோது பஸ்ஸிலிருந்து பார்த்தாள். பச்சைக் கதவு கவிழ்ந்து விழுந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தாள். நாற்பத்தைந்தைத் தொட்டபோது, கம்பெனி கேண்டீனில் வேலை செய்யும் அம்மாள் ஒருத்தி, என் தம்பி ஒருத்தன் இருக்கான், வாய் பேசமாட்டான், நீதான் அவனுக்குச் சரி என்றாள். அந்த அம்மாள்தான் இப்போது நாத்தனார். பழைய கதையைப் புருஷனிடம் சொல்ல முதல் மாதம் ரொம்பச் சீக்கிரமாக இருந்தது, மூன்றாம் மாதம் ரொம்பத் தாமதமாகிவிட்டது. நடுவில் இருந்த மாதத்தில் வீட்டுக்கு விருந்தாளிகள்.

ஆக, அவருக்கு ஏதோ தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது; அவள் சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். இருவரும் வேலை முடிந்து வரும்போது கால் வீங்கி, இடுப்பு விட்டுப்போய் வருகிறவர்கள். உண்மையைப் பேசவும் உடம்பில் தெம்பு வேண்டும். சோற்றைப் போட்டு, சாப்பிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்துப் படுத்தார்கள். வீட்டு ஓனர் வந்து அறையின் சுவர்களைத் தட்டிப் பார்த்தார். பிளானில் இல்லாத ரூம், ஆணி மட்டும் அடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கீழ்வீட்டில், மேலே புதிதாக ஒரு குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கிறது என்று குறைப்பட்டார்கள். அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "காத்தோட்டமா இருக்கே, சும்மா போட்டு வைக்கறீங்க" என்று தன் வீட்டு வெங்காய மூட்டையைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் பரப்பிவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்க்கதவின் பூட்டில் சாவி திரும்பியது. ஓர் இளைஞன் உள்ளே வந்தான். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். செருப்பில் மழைத்தண்ணீர், கையில் அட்டை சுற்றிய பல்பு. வெங்காயத்தைப் பார்த்தான், அடுக்களை வாசலில் அசையாமல் நிற்கிற பெண்மணியைப் பார்த்தான், மரியாதையாகக் கேட்டான்.

"அக்கா, இங்க என் வீட்டுக்காரி இருந்தாளே, பார்த்தீங்களா?"

செக்கரம்மாவின் பின்னால் டைல்ஸ்காரர் டீ டம்ளரோடு நின்றிருந்தார். "கடைக்குப் போயிருக்கா. வந்துடுவா" என்றாள் அவள்.

அவன் நம்பிவிட்டான். கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தான். அன்று மட்டுமல்ல, அடுத்து வந்த நாட்களிலும். அவனுக்கு அதெல்லாம் ஒரே சாயங்காலமாகத்தான் பட்டது போலிருக்கிறது. பசி எடுத்தபோது மட்டும் கொஞ்சம் ஆச்சரியப்பட்டான். சோறும் முட்டையும் கொடுத்தார்கள், தட்டைக் கழுவி வைத்தான். அம்பு ஒட்டியே கிடந்த குழாயைப் பிரித்து வாஷர் மாற்றினான். நல்ல பையன் என்று டைல்ஸ்காரருக்கே பட்டது, அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பல்பை மாட்டிவிடேன் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "அவ வரட்டும் சார். இருட்டுல அவ உக்காந்திருக்கக் கூடாதுன்னுதான் ஓடினேன்" என்றான். அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்த செக்கரம்மா கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டாள். 

உடைத்தது நாத்தனார்தான். வெங்காயம் எடுக்க வந்தவள் அவனிடம், யாரப்பா உன் பெண்டாட்டி, என்ன வேலை, என்று விசாரித்தாள். "நம்ம கம்பெனி செக்கிங்லதான்க்கா. எதைப் பார்த்தாலும் அம்பு ஒட்டுவா" என்றான் அவன் பெருமையாக. மடியில் இருந்த வெங்காயம் அத்தனையும் தரையில் உருண்டது. அடுக்களைக்கு வந்து, "ஏம்மா, அவன் உன் புருஷன்னா என் தம்பி யாரு? இந்த வீட்டுக்கு டைல்ஸ் போட வந்தவனா?" என்று கேட்டாள். செக்கரம்மா அடுப்பை அணைத்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அதிர்ச்சி இல்லை. ரொம்ப நாளாகத் தெரியும் என்று அது சொன்னது. டைல்ஸ்காரர் தரை மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையும் ரப்பர் சுத்தியையும் இரண்டு சட்டைகளையும் பையில் வைத்தார். "நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான். அக்காவோடு படியிறங்கிப் போய்விட்டார். செக்கரம்மா அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அழுதாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். இருபது வருஷத்துக்கு மேல் ஒருவன் வராமல் காத்திருந்தாயிற்று. இன்னொருவருக்காகக் காத்திருக்க அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை.

நாத்தனார் வாய்தான் நீளமே தவிர மனது கல் இல்லை. தம்பி தன் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவரைப் பிடித்தாள். உன் பெண்டாட்டியைக் கண்டுபிடிக்க வழி கேட்போம் வா என்று இளைஞனையும் கூட்டிக்கொண்டாள். நாலு பேரும் ஒரே பஸ்ஸில், தனித்தனி சீட்டில் போனார்கள். "இவ்வளவு கட்டடம் எப்பக் கட்டினாங்க?" என்று வழியெல்லாம் அவன் கேட்டுக்கொண்டு வந்தான்.  வக்கீலுக்கு அன்று ஜலதோஷம். நாத்தனார் காதோடு சொன்ன கதை பூராவையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார், கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்டார், இளைஞன் சொன்னதும் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த வருஷம் இந்தப் பையன் பிறந்தேயிருக்க மாட்டானே. பிறக்காதவன் எப்படிக் கல்யாணம் பண்ணுவான்? அப்படி ஒரு கல்யாணம் நடக்கவே இல்லம்மா. நிம்மதியாப் போங்க."

நாத்தனார் எழுந்தேவிட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பையை எடுத்துக்கொண்டாள். வீடு மிஞ்சியது, மானம் மிஞ்சியது, தம்பியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடலாம். செக்கரம்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். அவ்வளவு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்.

"நடந்துச்சு சார்" என்றாள்.

"அம்மா, உங்களுக்குச் சாதகமாத்தான் சொல்றேன்."

"தெரியுது சார். ஆனா நடந்துச்சு. அன்னிக்கு மழை. சாட்சிக்கு வந்தவங்க ரெண்டு பேரும் பெல் அடிச்சிடுவாங்கன்னு ஓடினாங்க. எனக்கு மையி விரல்லயே இருந்துச்சு, துடைக்க மனசு வரல. அந்த ரூம்ல சமைச்சேன், தூங்கினேன், சண்டை போட்டேன். பல்பு ஃபியூஸ் போச்சு, அவர் வாங்கப் போனார், நான் இருட்டுல உக்காந்திருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. இவர்கிட்டயும் சொல்லல." டைல்ஸ்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். "நான் பண்ணது தப்பு. ஆனா நடக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க."

 இளைஞன் அவளைத் திரும்பிப் பார்த்தான். நரைத்த முன்முடியை, கண்ணாடியை, வீங்கிய கால்களை, அந்தக் குரலை.

"நீயா?" என்றான்.

"ஆமா."

"நான் ரொம்ப லேட் பண்ணிட்டேனா?"

"கொஞ்சம்."

"முக்குக் கடை மூடியிருந்துச்சு. அதான் அடுத்த தெருவுக்குப் போனேன்."

இன்னொரு பெண், லாரி விபத்து, ஜெயில், கடல் தாண்டிய வேலை என்று அவள் இத்தனை வருஷம் யோசிக்காத காரணம் இல்லை. கடை மூடியிருந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியதே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. வக்கீல் கைக்குட்டையைத் தேடினார், அது அவருடைய மூக்குக்கே வேண்டியிருந்தது. சரி, நடந்தது என்றால் அதற்குச் சாட்சி வேண்டுமே என்றார். ஓடிப்போன சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் எங்கே என்று தெரியாது.

"நான் இருக்கேன் சார்" என்றார் டைல்ஸ்காரர்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அடுத்து அவர் பேசின அளவு நீளமாகப் பேசி அவருடைய அக்காவே கேட்டதில்லை. "அந்த ரூமுக்குத் தரை போட்டது நான்தான். கட்டில் காலாண்ட ஒரு கல்லைத் திருப்பிப் போட்டுட்டேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சாக்கைப் போட்டு மூடி, மேல உக்காந்துக்கிட்டேன். இன்னி வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. இவ அதைக் கண்டுபிடிச்சு அம்பு ஒட்டியிருக்கா. அங்க குடியிருக்காம அது முடியாது. அதனால நடந்ததுதான்."

"அது நடந்ததுன்னா உங்க கல்யாணம் செல்லாது, தெரியுமா?" என்றார் வக்கீல்.

"தெரியும். நானும் மூடி வெச்சவன்தான் சார். அவளை மட்டும் என்னன்னு கேக்கறது?"

அதற்குப் பிறகு நடந்தவை வழக்கமான அலைச்சல்கள். காட்டின இடத்திலெல்லாம் இளைஞன் கையெழுத்துப் போட்டான். நீதிபதி அவன் வயதைப் பற்றி ஒரு முறை கேட்டார், சாப்பாட்டு நேரம் நெருங்கவே விட்டுவிட்டார். முதல் கல்யாணம் நடந்தது என்று ஒப்புக்கொள்ளப்பட்டு, அதே மூச்சில் முடித்துவைக்கப்பட்டது. டைல்ஸ்காரரும் செக்கரம்மாவும் ஒரு வியாழக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசில் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரு சாட்சி நாத்தனார். இன்னொரு சாட்சி கிடைக்காமல் அந்த இளைஞனே போட்டான். இந்தத் தடவை சாட்சிகள் யாரும் ஓடவில்லை. நாத்தனார் எல்லோருக்கும் கேக் வாங்கிக்கொடுத்து, பல்பு வாங்கப் போய்ப் பல்பு வாங்கினவனைப் பார்த்திருக்கிறாயா என்று அவனையே கேட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான், கொஞ்சம் லேட்டாக.

வீட்டுக்கு வந்ததும் இளைஞன் ஸ்டூலில் ஏறினான். செக்கரம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பல்பை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் அறையில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. கட்டில் காலருகே திரும்பிய கல் பளிச்சென்று தெரிந்தது. டைல்ஸ்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு பையிலிருந்து உளியை எடுத்துக்கொண்டு முழங்காலை மடக்கப் போனார். "பெயர்த்துத் திருப்பிப் போட்டுடறேன். அரை மணி நேர வேலை" என்றார். செக்கரம்மா அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தானே குனிந்தாள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, வெளுத்துப்போன அம்பை உரித்தெடுத்தாள். கல் திரும்பியபடியே இருந்தது.

"பாஸ்" என்றாள்.

அறை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. இளைஞன் தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, இப்போது இல்லாத அந்தத் தெரு வழியாக வேலைக்குப் போகிறான், சாயங்காலம் வருகிறான். அவனுக்கு இன்னும் அதே வயதுதான். முதலில் அவனைத் தம்பி முறை என்றார்கள். டைல்ஸ்காரரின் தலை முழுக்க வெளுத்த பிறகு, கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் மகன் என்று நினைத்துக்கொள்கிறார்கள், யாரும் திருத்துவதில்லை. டைல்ஸ்காரருக்கு முழங்கால் மடங்காமல் போனபோது மூன்று மாடி அவரைத் தாங்கி ஏற்றி இறக்கியது அவன்தான். செக்கரம்மா ரிட்டயர் ஆகிவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நடந்து போய், அறையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஸ்விட்சைப் போட்டுவிட்டு வருகிறாள். அந்த பல்பு இதுவரை ஃபியூஸ் ஆகவில்லை. வெளிச்சம் பட்டால் வெங்காயம் முளைத்துவிடும் என்று நாத்தனார்தான் அவ்வப்போது போய் அணைத்துவிட்டு வருகிறாள்.